வேலைக்குச் சேரும் அன்றே கேட்டு வாங்க வேண்டிய கடிதம்

மே மாதம் பிறந்தால் இலங்கையின் திருகோணமலையில், உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கத்து ஹோட்டல்களில் ஆள் எடுப்பார்கள். போன சீசனில் என் அக்காவின் மகனுக்கும் அப்படி ஒரு வேலை கிடைத்தது. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்த கையோடு போனான். நியமனம் வந்ததே வாட்ஸ்அப் குரல் பதிவில்தான்: "தம்பி, நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க, சம்பளம் பிறகு கதைப்பம்." மூன்று மாதமும் வெள்ளைக் கவரில் காசு வந்தது. கவரின் மேல் பென்சிலால் ஒரு தொகை, அவ்வளவுதான். ஏன் குறைகிறது என்று கேட்டதற்கு "ஈ.பி.எஃப். வெட்டினது" என்றார்கள், அதாவது ஊழியர் சேமலாப நிதிக்கு. அங்கத்துவ இலக்கம் கேட்டான். அப்படி ஒன்று இருக்கவில்லை.

திருகோணமலையில் வேலை தேடும் பிள்ளைகளோடு கதைத்துப் பாருங்கள். சம்பளம் எவ்வளவு என்று விளம்பரத்திலேயே போட வேண்டும், நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டால் 'இல்லை' என்றாவது பதில் சொல்ல வேண்டும் என்பார்கள். நியாயமான ஆசைதான், ஆனால் இந்த இரண்டையும் செய்யும்படி ஒரு முதலாளியைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது. வேலைக்குச் சேர்ந்த பிறகோ நிலைமை வேறு. அங்கே சட்டம் நம் பக்கம் நிறையவே இருக்கிறது.

முதலில் நியமனக் கடிதம். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி, வேலை நிபந்தனைகளை முதலாளி எழுத்தில் தர வேண்டும். பதவி என்ன, அடிப்படைச் சம்பளமும் படிகளும் எவ்வளவு, தகுதிகாண் காலம் எத்தனை மாதம், வேலை நேரம், லீவு, வேலையை நிறுத்தும் விதம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மத்திய வீதியில் இருக்கும் சின்னத் துணிக்கடைக்கும் இதே சட்டம்தான். கடிதம் ஆங்கிலத்தில் வந்தால் வெட்கப்படாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் யாரிடமாவது வாசித்துக் கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள். அடையாள அட்டை, சான்றிதழ் எல்லாவற்றுக்கும் போட்டோ கொப்பி போதும். மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அடுத்தது சேமலாப நிதி. இங்கேதான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கணக்கோடு சொல்கிறேன். மாதச் சம்பளம் 40,000 ரூபா என்று வையுங்கள். ஈ.பி.எஃப்.புக்கு உங்களிடம் வெட்டக் கூடியது 8 சதவீதம், அதாவது 3,200 ரூபா. முதலாளி தன் பையிலிருந்து 12 சதவீதம், 4,800 ரூபா போட வேண்டும். ஈ.டி.எஃப். எனும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 சதவீதம், 1,200 ரூபா. அதுவும் முதலாளியின் பொறுப்பு. மாதம் 9,200 ரூபா உங்கள் பெயரில் சேர வேண்டும், கையில் 36,800 வர வேண்டும். இருபது சதவீதத்தையும் உங்கள் சம்பளத்திலேயே வெட்டினால் அது சட்டவிரோதம். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகக் காட்டி அதற்கு மட்டும் கட்டுவதும் பிழை. வாழ்க்கைச் செலவுப் படி, உணவுப் படி எல்லாம் கணக்கில் சேரும், ஓ.டி. எனும் மேலதிக நேரச் சம்பளம் சேராது.

"ஆறு மாதம் போகட்டும், நிரந்தரமாக்கின பிறகு ஈ.பி.எஃப். தாறோம்" என்று சொல்வது இங்கே வழமையாகிவிட்டது. அதை நம்பாதீர்கள். தற்காலிகமோ, பயிற்சியோ, தகுதிகாண் காலமோ, முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். ஒரு மாதத்துக்கான பணம் அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் முதலாளிக்கு 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும்.

சம்பளத்துக்கு ஓர் அடிமட்டமும் இருக்கிறது. தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் இருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபா. நாட்கூலி என்றால் 1,200 ரூபா. சீனக்குடாப் பக்கத்துத் தொழிற்சாலைகள் போன்ற இடங்களில் அந்தந்தத் துறைக்கான சம்பளச் சபையின் தீர்மானமும் பொருந்தும்.

கடையிலும் அலுவலகத்திலும் வேலை நேரம் சாப்பாட்டு நேரம் போக நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு. கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை. முதல் வருடம் போன பிறகு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் (திடீர்த் தேவைக்கு எடுப்பது) கிடைக்கும். வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை: 2021 இல் இருந்து 16 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்க முடியாது, 18 ஆகும் வரை ஆபத்தான வேலைகளில் விட முடியாது.

ஆள் எடுப்பதில் பாரபட்சம் பார்ப்பதைத் தடுக்கச் சட்டம் இன்னும் போதாது என்பதே என் எண்ணம். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்லி ஒருவரை ஒதுக்க முடியாது.

சரி, பிரச்சினை வந்தால் எங்கே போவது? ஈ.பி.எஃப்., சம்பளம், லீவு எதுவானாலும் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி, அதனால் தமிழிலேயே எழுதுங்கள். நியாயமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் நியாய சபைக்குப் போகலாம், ஆனால் நிறுத்திய நாளில் இருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கதைத்துத் தீர்ப்போம் என்று இழுத்தடித்து இந்தக் காலத்தைத் தாண்ட விட்டவர்களை எனக்குத் தெரியும். காத்திருக்க வேண்டாம்.

அக்காவின் மகனிடம் நியமனக் கடிதம் இல்லைதான். ஆனால் குரல் பதிவை அழிக்காமல் வைத்திருந்தான், டியூட்டி நேரம் எழுதிய வாட்ஸ்அப் செய்திகளும் போனில் இருந்தன. அவற்றை அச்செடுத்து, பென்சில் எழுத்தோடு இருந்த மூன்று கவர்களையும் கொப்பி எடுத்து, முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தோம்.