சொல் விளக்கம்: அங்கீகாரம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் இந்தச் சொல் பெரும்பாலும் மலாய் வடிவில்தான் காதில் விழும். பிள்ளையை மருத்துவம் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பப்போகும் பெற்றோர், "அந்தக் காலேஜுக்கு இக்திராஃப் இருக்கா?" என்று விசாரிப்பார்கள். இக்திராஃப் அரபியிலிருந்து மலாய்க்கு வந்த சொல். ஒப்புக்கொள்வது என்று பொருள். நம் நாளிதழ்கள் அதை அங்கீகாரம் என்று எழுதுகின்றன. "தன்பாலினத் திருமணத்துக்கு அரசு அங்கீகாரம்" என்ற தலைப்பில் அதே சொல் வரும்போது, அரசு வாழ்த்திவிட்டது என்று சிலர் படிக்கிறார்கள். இப்போதுதான் அனுமதி கிடைத்தது என்று சிலர். இரண்டும் அந்தச் சொல்லின் பொருள் அல்ல.

அங்கீகாரம் வடசொல். அங்கம் என்றால் உறுப்பு. ஒன்றைத் தன் அங்கமாக்கிக்கொள்வது, தன்னுடையது என்று எடுத்துக்கொள்வது அங்கீகரித்தல். வைணவ உரையாசிரியர்கள் இறைவன் அடியவனை அங்கீகரிப்பதாக எழுதும்போது இந்த நெருக்கம் அப்படியே இருக்கிறது. அலுவலகத் தமிழில் அது தேய்ந்து, முத்திரை குத்துவது என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. கைப்பேசியில் "முக அங்கீகாரம்" என்று வேறு வருகிறது. அது தவறு; முகத்தை அடையாளம் காண்பதுதான் அங்கே நடக்கிறது.

தமிழில் இதற்கு ஏற்ற சொல் ஏற்பு. ஒப்புதல், அனுமதி, இசைவு எல்லாம் ஒரு செயலுக்கு முன்னால் கேட்டுப் பெறுபவை. ஏற்பு, நடந்து முடிந்த ஒன்றை இன்னொருவர் தம் கணக்கில் எடுத்துக்கொள்வது. ஏற்றல் என்பதற்கு இரத்தல் என்ற பழைய பொருளும் உண்டு, அதனால் வேண்டாம் என்பாருண்டு. பதவியேற்பு, பொறுப்பேற்பு என்று நாள்தோறும் சொல்கிறோமே! சுமையைத் தோளில் வாங்கிக்கொள்வது என்ற பொருள்தான் இன்று மேலோங்கி நிற்கிறது, நமக்கு வேண்டியதும் அதுவே. ஒரு மணத்தை அரசு ஏற்கிறது என்றால், அந்த மணத்தால் தனக்கு வரும் கடமைகளை ஏற்கிறது என்று பொருள். வரியில் கழிவு, விபத்தில் உதவித்தொகை, இறப்புக்குப் பின் ஓய்வூதியம்.

இதைத் தோட்டத்து மக்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த மணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு, கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவு வேண்டும் என்றானது. "ரிஜிஸ்டர் பண்ணியாச்சா?" என்ற கேள்வி அப்போது பிறந்ததுதான். பதியாமல் விட்ட குடும்பங்களில் கணவர் இறந்த பிறகு தாலி இருந்தது, கல்யாணப் படம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். காட்டுவதற்குச் சான்றிதழ் இல்லை. ஊரே ஏற்ற மணத்தை அரசு ஏற்காமல் போனால் என்ன ஆகும் என்பதை அந்தப் பெண்களைவிட அறிந்தவர் யார்?

அமெரிக்காவில் ஈடித் வின்சருக்கு நேர்ந்ததும் இதுதான். அவரும் தியா ஸ்பையர் என்ற பெண்ணும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இணைந்து வாழ்ந்தவர்கள். 2007இல் கனடாவின் டொராண்டோ நகரில் மணந்துகொண்டார்கள். 2009இல் ஸ்பையர் காலமானார். அவர்கள் வாழ்ந்த நியூயார்க் மாநிலம் அந்த மணத்தை ஏற்றது. மத்திய அரசு ஏற்கவில்லை. மணம் என்றால் ஆணும் பெண்ணும் மட்டுமே என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொன்னது. கணவன் மனைவிக்கு விட்டுச்செல்லும் சொத்துக்கு அங்கே மத்திய வரி கிடையாது. வின்சரோ 363,053 டாலர் கட்ட வேண்டியதாயிற்று. அவர் தொடுத்த வழக்கில் 2013 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப்பிரிவை நீக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வரித்துறை, மணம் நடந்த இடத்தில் அது சட்டப்படி செல்லுமானால், தம்பதி எந்த மாநிலத்தில் குடியிருந்தாலும் மத்திய வரிக்கு அவர்கள் தம்பதியே என்று அறிவித்தது. புதிதாக யாருக்கும் யாரும் தாலி எடுத்துக் கொடுக்கவில்லை. இருந்த மணம் ஏற்கப்பட்டது. எல்லா மாநிலங்களும் இத்தகைய மணங்களை நடத்தவும் ஏற்கவும் வேண்டும் என்ற தீர்ப்பு 2015இல்தான் வந்தது.

இந்த மணத்தைக் குறிக்க ஓரினச்சேர்க்கை என்ற சொல்லை எடுக்காதீர்கள். அது இருவரின் வாழ்வைப் படுக்கையறைக்குள் அடைத்துவிடுகிறது. தன்பாலினர் மணம், ஒருபாலர் மணம் இரண்டும் தகும்.

சுங்கை சிப்புட் இருக்கும் பேராக் மாநிலத்தின் வட எல்லையைத் தாண்டினால் தாய்லாந்தின் பெத்தோங் நகரம். அந்த நாட்டில் 2025 ஜனவரி 23 முதல் இத்தகைய மணத்தைப் பதியலாம். சட்டத்தில் கணவன், மனைவி என்றிருந்த இடங்களில் வாழ்க்கைத்துணை என்ற சொல் வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம், ஆணும் பெண்ணுமாக இல்லாத மணம் செல்லாது என்று அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. "இயற்கைக்கு முரணான உடலுறவு" எது என்று வரையறுக்கும் தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவும் இருக்கிறது.

அப்படியென்றால் ஏற்பு இல்லாத இணையருக்கு இங்கே எது கிடைக்கும், எது கிடைக்காது? "இபிஎஃப்ல யாரு பேரு போட்டிருக்க?" என்று நம் ஆட்கள் கேட்பார்கள். இபிஎஃப் என்பது ஊழியர் சேமநிதி. முஸ்லிம் அல்லாத ஒருவர் அங்கே யார் பெயரையும் போடலாம். பணம் அவருக்கே சேரும். உயிலிலும் அப்படியே. காப்புறுதியில் நிலைமை வேறு. கணவன், மனைவி, பிள்ளை பெயரை, அவர்கள் இல்லாதவர் பெற்றோர் பெயரைப் போட்டால் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி அது அவர்களுக்கான அறக்கட்டளைப் பணம், கடன்காரர்கூடத் தொட முடியாது. வேறொருவர் பெயரைப் போட்டால், அவர் பணத்தைப் பெற்றுப் பிரித்துக் கொடுக்கும் நிர்வாகி மட்டுமே. நோயில் கிடந்தபோது கூடவே இருந்து கழுவித் துடைத்தவர் அந்த "வேறொருவர்" ஆகிவிடுவது கொடுமை என்றே நான் நினைக்கிறேன்.

வருமான வரியில், சம்பாதிக்காத மனைவிக்கோ கணவனுக்கோ உள்ள 4,000 ரிங்கிட் கழிவை இணையருக்குக் கேட்க முடியாது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில், வேலை விபத்தில் இறந்தவரின் உதவித்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு விதவைக்கோ மனைவியை இழந்தவருக்கோ உரியது. அங்கே பெயர் போட இடமில்லை. கேட்பது திருமணச் சான்றிதழை.