தத்துவ நாவலும் ‘மெய்’ என்ற சொல்லும்

ஒருவரைத் தத்துவ நாவலாசிரியர் என்று சொல்லிவிட்டால் போதும், அவரைப் பற்றிய ஆய்வு பெரும்பாலும் ஒரே வழியில் போய்விடுகிறது. பாத்திரங்கள் பேசிய ஆழமான வரிகளைப் பொறுக்கி எடுத்து, வரிசைப்படுத்தி, இதுதான் அவருடைய தத்துவம் என்று முடித்துவிடுகிறார்கள். கதை உதிர்ந்துபோய் வாசகங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. இதில் ‘தத்துவம்’ என்ற சொல்லுக்கும் பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால், அவர் நாவலை எப்படி உருவாக்கினார் என்று தேடும் ஓர் ஆய்வுக்குத் தமிழில் என்ன தலைப்பு வைக்கலாம்?

தத்துவம் வடசொல். ‘தத்’ என்றால் அது. ‘த்வ’ தன்மையைக் குறிக்கும் விகுதி. ஒரு பொருள் அதுவாகவே இருக்கும் தன்மை என்பது மூலப்பொருள். சாங்கியம் என்ற பழைய இந்தியச் சிந்தனைமரபு 25 தத்துவங்களைச் சொல்கிறது. சைவ சித்தாந்தம் 36. அங்கெல்லாம் தத்துவம் என்பது உலகமும் உயிரின் அனுபவமும் எவற்றால் ஆனவையோ அந்த அடிப்படைக் கூறு. பேச்சுவழக்கில் சொல் மெலிந்துவிட்டது. “தத்துவம் பேசாதே” என்றால் உபதேசம் செய்யாதே என்று அர்த்தம். சுவரில் எழுதி வைக்கிற ஒற்றை வரியும் தத்துவம்தான். ஃபிலாசபி என்ற கிரேக்கச் சொல்லோ ‘அறிவின் மேல் நேசம்’ என்று பொருள்படுவது. அதில் இன்னும் தேடிக்கொண்டிருப்பவர் தெரிகிறார். நம் பேச்சுவழக்குத் தத்துவத்தில் முடிவைக் கண்டுவிட்டவரின் குரல்தான் கேட்கிறது.

சரி, தமிழ்ச்சொல்? மெய்யியல். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பாடத்தின் பெயரே அதுதான். சொல் புதிது, வேர் பழையது. குறளில் மெய்யுணர்தல் ஓர் அதிகாரம். “எப்பொருள் எத்தன்மைத் தாயினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு” என்ற குறள் அதில் வருகிறது. ‘காண்பது’ என்ற வினையைக் கவனியுங்கள். பொருள் எப்படித் தோன்றினாலும் அதன் உண்மையைப் போய்ப் பார்க்கவேண்டிய வேலை நம்முடையது.

இதைவிட எனக்குப் பிடித்தது, மெய் என்றால் உடம்பும்தான் என்பது. மெய்காப்பாளர் காப்பது உடம்பை. மெய்சிலிர்க்கும்போது சிலிர்ப்பதும் உடம்பு. தொல்காப்பியம் நகை, அழுகை தொடங்கி எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. உள்ளே எழும் உணர்வு உடம்பில் வெளிப்படுவது அது. உண்மைக்கும் உடம்புக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் தத்துவ நாவலை விளக்குவது எவ்வளவு எளிது! ஒரு சிந்தனை உடம்பெடுத்து, நடந்து, வியர்த்து, தோற்றுப்போவதுதான் அந்த வகை நாவல்.

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் ‘அசடன்’ நாவல் உருவான விதத்தைப் பாருங்கள். 1867இல் அவர் எழுதிய தொடக்கக் குறிப்புகளில் நாயகன் கர்வமும் மூர்க்கமும் கொண்டவன். அந்த ஆண்டின் இறுதியில் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். முழுமையான அழகுள்ள ஒரு மனிதனைக் காட்டுவதே நோக்கம் என்று 1868 ஜனவரியில் கடிதம் எழுதினார். நாவலின் நாயகனான மென்மையான மிஷ்கின் அப்படிப் பிறந்தவன். அதே 1867இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஹோல்பைன் என்ற ஜெர்மானிய ஓவியரின் ஓவியம் ஒன்றை தஸ்தயேவ்ஸ்கி பார்த்திருந்தார்: கல்லறையில் கிடக்கும் கிறிஸ்துவின் சடலம், வெறும் பிணமாக. அது நாவலுக்குள் வருகிறது. காசநோயில் செத்துக்கொண்டிருக்கும் இப்பொலித் என்ற இளைஞன் அதைப் பற்றிப் பேசுகிறான்: இந்தப் பிணத்தைப் பார்த்த சீடர்கள் உயிர்த்தெழுதலை எப்படி நம்பியிருப்பார்கள்? அழியும் ஓர் உடம்பு இன்னோர் உடம்பைப் பார்த்துக் கேட்கும் கேள்வி இது. தனியே பிய்த்து எடுத்துப் பட்டியலில் சேர்த்தால் இதற்கு உயிர் இருக்காது.

நாவலுக்கு என்ன சொல்வது என்று கேட்பவர்களும் உண்டு. இத்தாலியத்தின் ‘நொவெல்லா’ வழியாக வந்த சொல் அது. புதிய செய்தி என்பது அடிப்பொருள். புதினம் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது, யாழ்ப்பாணத்தில் “என்ன புதினம்?” என்றால் என்ன செய்தி என்றே அர்த்தம். ஆனாலும் நாவல் தமிழில் வேரூன்றிவிட்டது, இருக்கட்டும்.

ஒரு படைப்பு உருவாகும் விதத்தைப் படைப்புச் செயல்முறை என்று நீட்டுவதைவிடப் படைப்பாக்கம் என்பது நல்லது. கைவிட்ட குறிப்பு, மாறிய நாயகன், வழியில் கண்ட ஓவியம் எல்லாம் அதில் அடங்கும். அவற்றைத் தொடர்ந்து போகும் ஓர் ஆய்வுக்குத் தலைப்பு வைக்கச் சொன்னால், ‘மெய்யியல் நாவலாசிரியரின் படைப்பாக்கம்’ என்றுதான் வைப்பேன்.