இரண்டு நொடி நகரம்

டொராண்டோவில் இருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வார இறுதியில் நண்பர்கள் கூடினால் ஒரே சண்டையாம்: வட அமெரிக்கப் பெருநகரங்களில் மிகச் சுவாரசியமானது எது? ஒருவர் நியூயார்க் என்கிறார், இன்னொருவர் சிகாகோ என்கிறார். இவர் தன் ஊரை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அறிவியல் எழுதுகிற நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறார்.

மூன்றுமே லேசுப்பட்ட ஊர்கள் இல்லை. நியூயார்க்கின் மன்ஹாட்டன், கெட்டிப் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் தீவு. சிகாகோக்காரர்கள், குடிநீர் தரும் ஏரியில் சாக்கடை கலக்கிறதென்று, 1900-ல் ஆறு ஓடும் திசையையே மாற்றிவிட்டார்கள். டொராண்டோவில் 2004 முதல் ஒன்டாரியோ ஏரியின் ஆழத்தில் கிடக்கும் 4 டிகிரித் தண்ணீரின் குளிர்ச்சியைக் கொண்டு நகர மையத்துக் கட்டடங்களைக் குளிர்விக்கிறார்கள். மூன்றைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனாலும் என் ஓட்டு நான்காவது ஒரு நகரத்துக்கு: மெக்சிகோ சிட்டி. மெக்சிகோவும் வட அமெரிக்காதான் என்பது நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. சுற்றுப்புறங்களையும் சேர்த்து 2 கோடிக்கும் மேல் மக்கள். கண்டத்தின் மிகப் பெரிய நகரமே அதுதான். அதன் சுவாரசியம் தரைக்கு மேலே இருப்பதைவிடக் கீழேதான் அதிகம்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், நாலாபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. அதில் டெஸ்கோகோ என்ற ஏரி. ஏரி நடுவே ஒரு தீவில் அஸ்டெக் மக்கள் 1325-ல் எழுப்பிய நகரம் டெனோச்டிட்லான். 1521-ல் ஸ்பானியர் அதைப் பிடித்து இடித்து, அதே இடத்தில் தங்கள் நகரைக் கட்டினார்கள். வெள்ளத்துக்குப் பயந்து அடுத்த சில நூற்றாண்டுகளில் ஏரியை வடித்தார்கள். தண்ணீர் போய்விட்டது, ஏரியின் அடிமண் மட்டும் அப்படியே கிடக்கிறது. நம் கதாநாயகன் அந்த மண்தான்.

சாதாரணக் களிமண் இல்லை அது. சுற்றியிருக்கும் எரிமலைகள் உமிழ்ந்த சாம்பல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஏரியில் விழுந்து படிந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் ஓடுகளும் அதோடு கலந்தன. உள்ளே எங்கு பார்த்தாலும் நுண்ணிய பொந்துகள், பொந்தெல்லாம் தண்ணீர். சில அடுக்குகளில் ஒரு கிலோ உலர்ந்த மண்ணோடு மூன்று, நான்கு கிலோ தண்ணீர் சேர்ந்திருக்கிறது. இதை மண் என்பதைவிடக் கெட்டித் தயிர் என்றால் பொருந்தும்.

தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் என்ன ஆகும்? சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும், மூட்டை சுருங்கும். பிறகு அதே தண்ணீரைத் திருப்பி ஊற்றினாலும் பழைய தயிர் வராது. மெக்சிகோ சிட்டியில் நடப்பது இதுவேதான். களிமண்ணுக்கு அடியில் மணலும் சரளையுமான நீர்த்தாங்கி அடுக்கு இருக்கிறது. நகரம் குடிப்பதில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. ஆழ்துளைக் கிணறுகள் அந்த நீரை உறிஞ்ச உறிஞ்ச, மேலே இருக்கும் களிமண்ணின் ஈரம் மெல்லக் கீழே கசிகிறது. அதுவரை மேல்பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருந்தது பொந்துகளில் இருந்த தண்ணீரின் அழுத்தம். அது குறைந்ததும் பாரம் முழுக்க மண்துகள்களின் தலையில் விழுகிறது. துகள்கள் நசுங்கி நெருங்குகின்றன, தரை இறங்குகிறது.

20-ஆம் நூற்றாண்டில் மட்டும் நகரின் மையம் ஏறக்குறைய 9 மீட்டர் தாழ்ந்தது. மூன்று மாடி உயரம்! இன்றும் சில பகுதிகள் ஆண்டுக்கு 40 சென்டிமீட்டருக்கும் மேல் இறங்குவதைச் செயற்கைக்கோள் ரேடார்கள் அளக்கின்றன. 1910-ல் திறக்கப்பட்ட சுதந்திர தேவதைத் தூண் ஆழமான அடித்தளத்தின் மேல் நிற்பதால் நகரோடு சேர்ந்து இறங்கவில்லை. சுற்றிலும் சாலை இறங்கிக்கொண்டே போக, தூண் மட்டும் மேலேறுவது போல் தெரிந்தது. முதலில் ஒன்பது படிகள் இருந்தன. தெருவிலிருந்து எட்ட வேண்டுமே என்று பின்னால் பதினான்கு படிகளைச் சேர்த்தார்கள்.

பெரிய தேவாலயத்தின் பாடு வேறு. அதன் ஒரு பகுதிக்கு அடியில் பழைய அஸ்டெக் கோயில்களின் இடிபாடு. அந்தக் கோயில்களின் பாரத்தால் முன்பே நசுங்கிவிட்ட மண் இப்போது குறைவாக இறங்குகிறது, பக்கத்து மண் அதிகமாக இறங்குகிறது. விளைவு, ஒரே கட்டடத்தின் இரு மூலைகளுக்கு இடையே சுமார் 2.4 மீட்டர் ஏற்றத்தாழ்வு. 1990-களில் பொறியாளர்கள் செய்த வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. தாழ்ந்த பக்கத்தைத் தூக்கவில்லை. உயர்ந்து நின்ற பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்து, அதையும் பதமாக இறக்கினார்கள்.

இதே தயிர்மண் நிலநடுக்கத்தின்போது என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

1985 செப்டம்பர் 19, காலை 7.17. பசிபிக் கரையோரம் மிச்சோவகான் பகுதியில் 8.0 அளவுள்ள நிலநடுக்கம். மெக்சிகோ சிட்டி அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அவ்வளவு தூரம் பயணப்பட்டால் அதிர்வு அடங்கிப்போயிருக்க வேண்டும். நகரின் தெற்கே பாறைத் தரையில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் அப்படித்தான் இருந்தது. ஏரிப் படுகையிலோ நூற்றுக்கணக்கான கட்டடங்கள் விழுந்தன. இறந்தவர்கள் 10,000 பேர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. விழுந்தவற்றில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. குட்டையான பழைய ஸ்பானியக் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. 1956-ல் கட்டிய 44 மாடி லத்தீனோஅமெரிக்கானா கோபுரமும் நின்றது. அடி வாங்கியவை பெரும்பாலும் ஆறிலிருந்து பதினைந்து மாடி வரை இருந்தவை.

ஏன் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். மூன்று ஈர்க்குச்சிகளை ஒரு சாண், ஒன்றரைச் சாண், இரண்டு சாண் நீளத்துக்கு நறுக்குங்கள். முனையில் சுண்டைக்காய் அளவுக்குச் சப்பாத்தி மாவை உருட்டி ஒட்டுங்கள். மூன்றையும் ஒரு தெர்மாகோல் துண்டில் நட்டு, துண்டை இடம் வலமாக மெல்ல ஆட்டுங்கள். நீளக்குச்சி மட்டும் பேயாட்டம் ஆடும், மற்ற இரண்டும் சும்மா கூடவே வரும். ஆட்டத்தைச் சற்று வேகப்படுத்தினால் நீளக்குச்சி அடங்கும், நடுக்குச்சி ஆடத் தொடங்கும். இன்னும் வேகம் கூட்டினால் குட்டைக்குச்சியின் முறை. ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு தாளம் உண்டு. அதே தாளத்தில் தள்ளினால் ஊஞ்சல் போல ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். இதற்குத்தான் ஒத்ததிர்வு என்று பெயர்.

கட்டடத்துக்கு இந்தத் தாளம், அதாவது ஒருமுறை ஆடித் திரும்ப ஆகும் நேரம், தோராயமாக மாடிக்குப் பத்தில் ஒரு நொடி. பத்து மாடி என்றால் ஒரு நொடி. சுவரில் விரிசல் விழ விழக் கட்டடம் தளர்ந்து, தாளம் ஒன்றரை, இரண்டு நொடிக்கு நீளும்.

தரைக்கும் தாளம் உண்டு. 1985-ல் மிக மோசமாக ஆடிய பகுதிகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: களிமண்ணின் கனம் சுமார் 38 மீட்டர், அதற்குள் பக்கவாட்டு அதிர்வு ஓடும் வேகம் நொடிக்கு சுமார் 76 மீட்டர். கெட்டிப் பாறையில் அதே அதிர்வு நொடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். இங்கே மணிக்கு சுமார் 270 கிலோமீட்டர்தான், ஒரு அதிவேக ரயிலின் வேகம். வேகம் குறைந்தால், பின்னால் வரும் ஆற்றல் முன்னதன்மேல் நெருக்கியடித்து ஏறி, அலையின் வீச்சு கூடுகிறது. கடலலை கரையை நெருங்கும்போது எழும்புவதும் இப்படித்தான். அதிர்வு அடியிலிருந்து தரைக்கு ஏற அரை நொடி, மோதித் திரும்பி இறங்க அரை நொடி. அடிப்பாறையில் பட்டதும் அது திசை மாறி, இடம் வலமாகி மறுபடி கிளம்புகிறது. ஆகவே ஒரு முழு ஆட்டத்துக்கு நான்கு பயணம்: நான்கு அரை, இரண்டு நொடி.

கரையிலிருந்து வந்த அதிர்வில் இரண்டு நொடித் தாளமும் தாராளமாக இருந்தது. தரையின் தாளமும் இரண்டு நொடி. விரிசல் விட்ட பத்துப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் தாளமும் கிட்டத்தட்ட அதுவே. பாறையில் புவியீர்ப்பின் 3, 4 சதவீதமாக இருந்த முடுக்கம், ஏரிப் படுகையில் 17 சதவீதமானது. இரண்டு நொடித் தாளமுள்ள கட்டடத்தின்மேல் அது விளைவிக்கக்கூடிய பக்கவாட்டு விசை, கணக்குப்படி, கட்டடத்தின் எடைக்கே சமம்.

வேறு களிமண்ணாக இருந்தால் பலமாக ஆட்டும்போது துகள்கள் உரசி, ஆற்றல் வெப்பமாகி, ஆட்டம் தணியும். இந்தச் சாம்பல்மண் ரப்பர் மாதிரி. எவ்வளவு ஆட்டினாலும் உள்ளுக்குள் விழுங்கிக்கொள்ளாமல் திருப்பிக் கொடுக்கிறது. அதனால்தான் அன்று ஏரிப் படுகை மணி அடித்த பிறகு ரீங்கரிப்பது போல நிமிடக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தது.

இவ்வளவும் தெரியவந்தது, அன்று ஏரிப் படுகையிலும் பாறையிலும் தரையின் ஆட்டத்தை அளக்கும் முடுக்கமானிகள் பொருத்தப்பட்டிருந்ததால்தான். பல்லாண்டுகள் ஒன்றும் நடக்காமல் காத்திருக்கும் கருவி அது. ஒவ்வொரு பட்ஜெட்டிலும் "இதனால் என்ன பயன்?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட கருவிகளுக்கான பணத்தை வெட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2017-லும் செப்டம்பர் 19 அன்றே 7.1 அளவில் நிலநடுக்கம் வந்தது; 1985-ன் நினைவுநாள் ஒத்திகை முடிந்து இரண்டரை மணி நேரம்கூட ஆகவில்லை. 2022-ல் மீண்டும் அதே தேதி. சபிக்கப்பட்ட நாள் என்று அங்கே பலர் நடுங்குவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் பூமிக்கு நாட்காட்டி தெரியாது. 1957-ல் சுதந்திர தேவதைத் தூணின் உச்சியிலிருந்த சிலையைக் கீழே தள்ளிய நிலநடுக்கம் ஜூலை மாதம் வந்தது. 2020-ல் ஜூன் மாதம் ஒன்று வந்தது. தேதியைப் பார்த்துப் பயப்படப் பழகியவர்கள் மற்ற 364 நாள் அசட்டையாக இருந்துவிடுவார்களே என்பதுதான் என் கவலை.

2017-ல் விழுந்த கட்டடங்கள் பெரும்பாலும் 1985-ல் விழுந்தவற்றைவிடக் குட்டையானவை. நிலநடுக்கம் சுமார் 120 கிலோமீட்டர் அருகிலேயே நிகழ்ந்ததால் அதில் வேகமான தாளங்கள் அதிகம். களிமண் மெலிதாக இருக்கும் ஏரியின் மேற்கு ஓரம் அதற்கு ஈடுகொடுத்து ஆடியது.

இந்த இடத்தில்தான் இரண்டு கதைகளும் ஒன்றாகின்றன. தண்ணீர் இறங்க இறங்கக் களிமண்ணின் தடிமன் குறைகிறது, அதே சமயம் மண் இறுகி அதிர்வின் வேகம் கூடுகிறது. குறைவான தூரம், கூடுதல் வேகம். அப்படியென்றால் அந்த நான்கு பயணத்துக்கு ஆகும் நேரம் சுருங்குகிறது. நகரம் குடிக்கும் ஒவ்வொரு குடம் தண்ணீரும் தரையின் தாளத்தைத் துளித்துளியாக மாற்றுகிறது என்பதைப் பொறியாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். 1985-ல் இரண்டு நொடியாக இருந்த இடம் அப்படியே இருக்கப்போவதில்லை. இன்று அங்கே கட்டடம் எழுப்பும் பொறியாளர், ஐம்பது ஆண்டு கழித்துத் தன் கட்டடத்துக்கு அடியில் இருக்கப்போகும், இன்னும் உருவாகாத ஒரு தரைக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.