உப்புக் கரைசலில் சர்க்கரை எதற்கு?

பேதி கண்டவருக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை என்று கேட்டால்தான் பதில் ஆளுக்கு ஆள் மாறும். சர்க்கரை எதற்கு என்று கேட்டால் ‘தெம்புக்கு’ என்பார்கள். ‘உப்புக் கரிப்பு தெரியாமலிருக்க’ என்பாரும் உண்டு. இரண்டுமே காரணமில்லை. அந்தச் சர்க்கரை இல்லாவிட்டால் உப்பும் தண்ணீரும் குடலைத் தாண்டி ரத்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. சர்க்கரை கூடிப்போனாலோ பேதி இன்னும் பெருகும்.

உணவிலும் குடிப்பதிலுமாக ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர் நீர் நம் வயிற்றுக்குள் போகிறது. எச்சில், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர், குடல் சுரப்பு என்று உடம்பே இன்னும் 6, 7 லிட்டரைக் குடலுக்குள் விடுகிறது. ஆக மொத்தம் 8, 9 லிட்டர். இதில் மலத்தோடு வெளியேறுவது 100, 200 மில்லி மட்டுமே. மிச்சமெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. அதில் பெரும்பங்கு சிறுகுடலின் வேலை. உறிஞ்சுவது குறைந்தாலோ சுரப்பது கூடினாலோ பெருங்குடல் ஓரளவு ஈடுகட்டும். அதற்கும் மேலே போனால்தான் பேதி.

தண்ணீரை இழுத்துத் தள்ளும் பம்ப் எதுவும் குடலில் இல்லை. உப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் தானாகப் பின்னால் போகும், அவ்வளவுதான். உப்பு என்பது சோடியமும் குளோரைடும் சேர்ந்தது. எனவே உடம்புக்குள் நீரை ஏற்ற வேண்டுமென்றால் முதலில் சோடியத்தை ஏற்றியாக வேண்டும்.

காலரா கெடுப்பது இந்த இடத்தைத்தான். அந்தக் கிருமியின் நச்சு, குடல் செல்களில் குளோரைடு வெளியேறும் வாய்க்கால்களை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டும். அதன் பின்னே சோடியம் வரும். இரண்டின் பின்னே தண்ணீர் வரும். கடுமையான காலராவில் பெரியவர் ஒருவர் மணிக்கு 1 லிட்டர்வரைகூட இழப்பதுண்டு. போதாததற்கு, உப்பு வழக்கமாக உள்ளே போகும் வழியையும் அதே நச்சு அடைத்துவிடுகிறது. இந்த நிலையில் வெறும் உப்புத் தண்ணீரைக் குடித்தால் அது குடலிலேயே நின்று பேதியோடு வெளியேறும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தாலும் ஆபத்துதான். போன உப்பு திரும்பாமல் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும்.

ஆனால் நச்சு தொடாத இன்னொரு கதவு இருக்கிறது. சிறுகுடலின் உள்சுவர்ச் செல்களில் எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம் பதிந்திருக்கிறது. வங்கி லாக்கரை ஒரே சாவியால் திறக்க முடியாதல்லவா, அதைப் போன்றது இது. இரண்டு சோடியம் அயனிகள் வந்து ஒட்ட வேண்டும். கூடவே ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் வந்து பொருந்த வேண்டும். அப்போதுதான் புரதம் உருமாறி, மூன்றையும் செல்லுக்குள் விடும். செல்லின் மறுபக்கத்தில் வேறொரு பம்ப் சோடியத்தை ஓயாமல் ரத்தப் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பதால் உள்ளே சோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கும். அந்தப் பற்றாக்குறைதான் இந்தக் கதவை இயக்கும் விசை. காலராவின் நடுவிலும் இது பழுதில்லாமல் வேலை செய்யும். குழந்தைகளுக்குப் பேதி தரும் ரோட்டா வைரஸ், குடல் சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் முளைகளின் நுனியை அரித்துவிடும்போதும் போதுமான அளவுக்கு மிஞ்சியிருக்கும்.

சர்க்கரை போடுவது இதற்காகத்தான். சர்க்கரைக்குப் பதிலாக இனிப்பு மாத்திரை போட்டால் நாக்கு ஏமாறும், இந்தக் கதவு ஏமாறாது.

சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகின்றன என்ற கருத்தை 1960இல் பிராக் நகரில் நடந்த கூட்டமொன்றில் முன்வைத்தவர் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர். அது படுக்கையருகே வர மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளுக்கு வாய்வழிக் கரைசலைக் கொடுத்து, ஊசிவழியே ஏற்றும் திரவத்தின் தேவை பெருமளவு குறைவதைக் காட்டினார்கள். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில்கள் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் எடைபோட்டுக் கலந்து, உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். ஏறக்குறைய 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அகதிகள் நிரம்பிய முகாமில், மருத்துவப் பயிற்சி இல்லாதவர்கள் கையால் கொடுத்துக் கிடைத்த பலன் இது.

இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓஆர்எஸ் (வாய்வழி நீரேற்றக் கரைசல்) பொடியில், 1 லிட்டர் தண்ணீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கரைத்தால் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் (எடையை அல்ல, துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) என்று சரிசமமாக நிற்கும். பேதியில் போகும் பொட்டாசியத்தை ஈடுகட்டப் பொட்டாசியம் குளோரைடு. ரத்தத்தில் ஏறும் அமிலத்தன்மையைத் தணிக்க சிட்ரேட். முன்பு சமையல் சோடா இருந்த இடம் அது. 1984இல் மாற்றினார்கள், சிட்ரேட் சேர்த்த பொடி ஈரக்காற்றில் சீக்கிரம் கெடாது என்பதால்.

கரைசலின் மொத்தத் துகள் அடர்த்தி 245 மில்லிஆஸ்மோல். ரத்தத்தில் அது 290 வாக்கில் இருக்கும். ரத்தத்தைவிடக் கரைசல் நீர்த்திருப்பதால் தண்ணீர் எளிதாக ரத்தப் பக்கம் போகும். பழைய கலவை 311, ரத்தத்தைவிடக் கெட்டி. 2002இல் குறைத்தார்கள். குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியின் அளவும் குறைந்தன. ஊசிவழித் திரவம் தேவைப்பட்டவர்களும் குறைந்தார்கள்.

இதே கணக்கு குளிர்பானம் ஏன் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறது. கோலா வகைகளில் லிட்டருக்கு 100 கிராம் வாக்கில் சர்க்கரை; சோடியம் பெயரளவுக்கு. உள்ளே போகாமல் தங்கும் சர்க்கரை, ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைப் பெருக்கும். டப்பாவில் வரும் பழச்சாறும் அதே ரகம். விளையாட்டு வீரர்களுக்கான பானங்கள் வியர்வையை ஈடுகட்டச் செய்யப்பட்டவை. பேதிக்கு அவற்றில் சோடியம் போதாது, சர்க்கரை அதிகம்.

பாக்கெட் கிடைத்தால் பாக்கெட்தான் முதல் தேர்வு. கிடைக்காதபோது வீட்டிலேயே கலக்கலாம். காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 6 டீஸ்பூன், தூள் உப்பு அரை டீஸ்பூன். டீஸ்பூன் என்றால் 5 மில்லி பிடிக்கும் சின்னக் கரண்டி. எல்லாம் தலைதட்டிய அளவு. கரண்டியைப் பொடிக்குள் விட்டு அள்ளி, கத்தியின் முதுகை விளிம்பில் வைத்து ஒரே இழுப்பாக வழித்துவிட வேண்டும். அரை டீஸ்பூன் உப்புக்கு, தலைதட்டிய உப்பின் நடுவில் கத்தியால் நீளவாக்கில் ஒரு கோடு போட்டு, ஒரு பாதியைத் தள்ளிவிடுங்கள். கண்ணால் பார்த்து ‘பாதி இருக்கும்’ என்று போடுவது வேண்டாம். கோபுரமாக அள்ளிய கரண்டியில் ஏறக்குறைய இரண்டு பங்கு ஏறிவிடும்.

பாக்கெட்டில் 13.5 கிராம் குளுக்கோஸ்தானே, இங்கே 6 டீஸ்பூன், அதாவது 25 கிராம் சர்க்கரை ஏன்? வீட்டுச் சர்க்கரை சுக்ரோஸ்; பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குடலில் உடைந்த பிறகு 25 கிராமிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸ் 13 கிராம் சொச்சம். ஃப்ரக்டோஸ் வேறு கதவு வழியாகப் போகும், சோடியத்தை இழுத்துப் போகாது. உப்புப் பக்கம் பார்த்தால் அரை டீஸ்பூனில் வரும் சோடியம் சுமார் 50 மில்லிமோல், பாக்கெட்டைவிடக் குறைவு. கரண்டிக் கணக்கு எப்படியும் கொஞ்சம் பிசகும் என்பதால், பிசகினால் குறைவான பக்கமே பிசகட்டும் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். பொட்டாசியமும் சிட்ரேட்டும் இதில் இல்லை என்பதுதான் குறை.

கலந்ததும் முதலில் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். சர்க்கரையும் உப்பும் இடம்மாறி விழுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான பிழை. ரத்தத்தில் சோடியம் ஏறினால் கைக்குழந்தைக்கு வலிப்பு வரும், உயிரே போகலாம்.

பாக்கெட்டிலும் இதே பிழை வேறு வடிவத்தில் நடக்கிறது. 1 லிட்டருக்கான பொடியை 200 மில்லி டம்ளரில் கொட்டிக் கலக்கினால் எல்லாமே 5 மடங்கு, சோடியம் 375. குழந்தை கொஞ்சமாகத்தானே குடிக்கிறது என்று பாதிப் பொடியைக் கண்ணளவில் பிரிப்பதும் சரியில்லை, உள்ளே உப்பும் குளுக்கோஸும் சமமாகப் பரவியிருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. முழுதாகக் கலந்து, மூடி வைத்து, மிஞ்சியதை 24 மணி நேரத்தில் கொட்டிவிடலாம். எத்தனை மில்லிக்கான பாக்கெட் என்பது உறையிலேயே இருக்கும். சின்னப் பாக்கெட்டுகளும் விற்கின்றன. பாலிலோ பழச்சாற்றிலோ கலக்கக் கூடாது, ருசிக்காகச் சர்க்கரை கூட்டக் கூடாது. கலந்த பிறகு கொதிக்கவைப்பதும் தப்பு. நீர் ஆவியாகிப்போனால் உப்பு கெட்டிப்படும்.

கொடுக்கும்போது அவசரப்பட்டால் காரியம் கெடும். தவித்த வாய்க்கு ஒரு டம்ளரை ஒரே மடக்காகக் கொடுத்தால் இரைப்பை விரிந்து எல்லாம் வெளியே வந்துவிடும். ‘தண்ணீர்கூடத் தங்கவில்லை’ என்று பேச்சு வரும். வாந்தி வந்தால் 10 நிமிடம் நிறுத்துங்கள். பிறகு 2 அல்லது 3 நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன். அற்பமாகத் தெரியும், ஆனால் 2 நிமிடத்துக்கு 5 மில்லி என்றால் மணிக்கு 150 மில்லி. தங்கத் தொடங்கியதும் வேகத்தைக் கூட்டலாம். நீரிழப்பு இன்னும் தெரியாத நிலையில், ஒவ்வொரு முறை பேதியாகும்போதும் 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயதுவரை 100 முதல் 200 மில்லி, அதற்கு மேல் வேண்டும் மட்டும். நீரிழப்பு தெரிந்துவிட்டால் எடை ஒரு கிலோவுக்கு 75 மில்லி, 4 மணி நேரத்துக்குள்; 10 கிலோ குழந்தைக்கு 750 மில்லி. இதை மருத்துவர் அல்லது சுகாதாரப் பணியாளர் கண்காணிப்பில் செய்ய வேண்டும். சிறுநீரகமோ இதயமோ பழுதுள்ளவர்களுக்கு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நீரிழப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்கள் குழிவிழுந்திருக்கும், அழுதால் கண்ணீர் வராது, வாய் உலர்ந்திருக்கும், சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகும், கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்கும். தோலை மடித்தும் பார்ப்பார்கள். தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவில், உடலின் நீளவாக்கில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தோலை மடிப்பாகப் பிடித்து, ஒரு வினாடி வைத்து விடுங்கள். நகம் படக் கிள்ளக் கூடாது. உடனே சமனாகிவிட்டால் நல்லது. மெதுவாக அடங்கினால் நீரிழப்பு. மடிப்பு 2 வினாடிக்கு மேலும் அப்படியே நின்றால் கடுமையான நிலை. இந்தச் சோதனை சில உடம்புகளில் ஏமாற்றும். ஊட்டமில்லாத குழந்தைக்கு நீரிழப்பு இல்லாமலே மெதுவாக அடங்கும். கொழுகொழுவென்ற குழந்தைக்கு நீரிழப்பு இருந்தும் சட்டென்று அடங்கும். முதியவர்களின் தோல் எப்போதும் தளர்ந்தே இருக்கும். எனவே மற்ற அறிகுறிகளோடு சேர்த்தே பாருங்கள்.

துவண்டு மயங்குவது, குடிக்கவே முடியாமல் போவது, மலத்தில் ரத்தம், அடங்காத வாந்தி, மணிக்கணக்கில் சிறுநீர் வராதது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். நினைவோடு குடிக்க முடிந்தால் வழியெல்லாம் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போகலாம். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

கரைசலைப் பற்றி அடிக்கடி வரும் புகார், ‘கொடுத்தும் நிற்கவில்லையே’ என்பது. நிற்காது. அது பேதியை நிறுத்தும் மருந்து அல்ல. போவதை ஈடுகட்டுகிறது, அதற்குள் உடம்பு கிருமியைத் துரத்திவிடும். இது புரியாமல்தான் பலர் கரைசலைக் கைவிட்டு, பேதியைக் கட்டும் மாத்திரையைத் தேடுகிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அந்த மாத்திரைகள் கூடவே கூடாது. வைரஸால் வரும் பேதிக்கு ஆன்டிபயாட்டிக்கும் பயன்படாது.

வயிற்றைக் காயப்போடுவதும் பழைய தவறுதான். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மற்றவர்களுக்கு, நீரிழப்பு தணிந்ததும் வழக்கமான உணவைச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். குடலின் செல்கள் புதுப்பிக்கப்பட உணவு வேண்டும். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் தருவார்கள்: 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, மொத்தம் 10 முதல் 14 நாள். மூன்றாம் நாளே பேதி நின்றுவிட்டாலும் அந்தப் பட்டையை முடிக்க வேண்டும். அடுத்த சில மாதங்களில் பேதி திரும்ப வரும் வாய்ப்பை அது குறைக்கிறது.