மொரிஸ் மைனரின் முன் ஷொக்கைக் கழற்றும் முன்

பழைய மொரிஸ் மைனரை ஆசைப்பட்டு வாங்கிய இளம் பிள்ளைகள் கராஜுக்கு வந்து கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணை, முன் ஷொக் ஒயில் கசியுது, கழட்டிப்போட்டு புது மாதிரி ஷொக் போடுவமோ?" அவசரப்படாதீர்கள். உங்கள் காரில் அது துள்ளலை அடக்கும் வெறும் ஷொக் மட்டும் இல்லை.

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான மைனரில் இருப்பது ஆம்ஸ்ட்ரோங் கம்பனியின் நெம்புகோல் ஷொக். வெளியே ஒரு கை, உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிஸ்டன். சில்லு மேலே ஏறும்போது கை, உள்ளே போகும் தண்டைத் திருப்பும், தண்டு பிஸ்டன்களைத் தள்ளும், ஒயில் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு ஒடுக்கமான வால்வுக்குள்ளால் நெருக்கிக்கொண்டு போகும். அந்த நெருக்கலில்தான் துள்ளல் அடங்கிச் சூடாக மாறுகிறது. காரின் பாரத்தைத் தாங்குவது ஷொக் அல்ல, முன்னால் டோர்ஷன் பார் (முறுக்கினால் ஸ்பிரிங் போல வேலைசெய்யும் இரும்புக் கம்பி), பின்னால் இலை ஸ்பிரிங்.

ஆனால் முன்பக்கத்தில் அந்தக் கைதான் சஸ்பென்ஷனின், அதாவது சில்லை உடலோடு இணைக்கும் அமைப்பின், மேல் கையும். சில்லைப் பிடித்திருக்கும் கிங் பின்னின் தலை அதில்தான் மாட்டியிருக்கிறது. ஆகவே தண்டு தேய்ந்து ஆடினால் சில்லு சாயும், டயர் ஒரு பக்கமாகத் தேயும், ஸ்டியரிங் அலையும். தேய்ந்த தண்டுக்கு ஒயிலைத் தடுக்கும் புது சீல் மட்டும் போட்டால் கொஞ்ச நாளில் திரும்பக் கசியும், அது வீண் செலவு. புது மாதிரியென்று பலர் வாங்கும் குழாய் ஷொக் கிட்டிலும் பழைய ஷொக்கின் உடலும் கையும் அப்படியே இருக்கும், தேய்மானமும் கூடவே இருக்கும்!

கழற்றத்தான் வேண்டுமென்றால் கீழ்க் கைக்கு அடியில் ஜக் கொடுக்காமல் ஒரு நட்டைக்கூடத் தொடாதீர்கள். முறுக்கில் இருக்கும் டோர்ஷன் பார் கீழ்க் கையை உதைத்துத் தள்ளும், விரல் போய்விடும்.

ஒயில் விடுவதானால், முதலில் ஷொக்கின் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள், ஒரு மணல் துகள் வால்வில் சிக்கினாலே போதும். மோட்டார் சைக்கிள் ஃபோர்க்குக்கு விடும் 20 எண் ஒயில் சரியாக வரும். பிரேக் ஒயில் வேண்டவே வேண்டாம். விட்டபிறகு காற்று போகும்வரை கையை மேலும் கீழும் ஆட்டுங்கள்.

திருத்திய ஷொக் வாங்கப் போனால், வைஸில் இறுக்கிக் கையை முழுத் தூரமும் அசைத்துப் பாருங்கள். தடை ஒரே சீராக இருக்க வேண்டும், இடையில் வெறுமையாக ஓடக்கூடாது. அப்புறம் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.