சாவி யாரிடம் இருக்கிறது?

கதவுக்குப் பூட்டுச் சாமான் பொருத்தும் வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்தால் முதலில் கேட்பது, "உடைக்க முடியாத பூட்டு இருக்கா சார்?" என்பதுதான். திருட்டுப் பயம். நான் திருப்பிக் கேட்பேன்: "உள்ளே இருக்கிற பிள்ளை சாவி இல்லாமல் வெளியே வந்துடுமா?"

போன வருடம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். மாடிப்படி இறங்கும் இடத்தில் கிரில் கேட். பகல் பதினோரு மணிக்கே பூட்டு தொங்கியது. சாவி வாட்ச்மேனிடம், அவர் டீ வாங்கப் போயிருந்தார். அவர் வந்து, கொத்தில் மூன்று சாவியைப் போட்டுப் பார்த்து, நாலாவதில் திறக்க ஆறு நிமிடம். மாடியில் ஐந்து வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. யூகேஜி அறைக் கதவில் வெளிப்பக்கம் அல்டிராப், அதாவது குறுக்கே தள்ளிப் போடும் தாழ்ப்பாள். பிள்ளைகள் ஓடிவிடக் கூடாதென்று, மிஸ் அலுவலகம் வரை போனால் அதைப் போட்டுவிட்டுப் போவாராம். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. முப்பது வாண்டுகளுக்கு ஒரே ஆள். ஆனால் அல்டிராப்பை அன்றைக்கே கழற்றினோம்.

கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளைப் பிரித்தார்கள், படிக்கட்டின் அகலத்தைப் பற்றிப் பேசினார்கள். தாழ்ப்பாளைப் பற்றிய பேச்சு என் காதில் விழவில்லை.

தாழ்ப்பாள் என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1883 ஜூன் 16, விக்டோரியா ஹாலில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி. முடிவில் மேடையில் பரிசு கொடுக்கிறார்கள் என்றதும் மாடியில் இருந்த பிள்ளைகள் படியிறங்கி ஓடினார்கள். கீழே கதவு உள்பக்கமாகத் திறப்பது. ஒரு பிள்ளை மட்டும் நுழைகிற அளவுக்குத் திறந்து, போல்ட் போட்டு வைத்திருந்தார்கள். 183 குழந்தைகள் நசுங்கியே இறந்தார்கள். தீ இல்லை, புகை இல்லை. தள்ளினாலே திறக்கும் பேனிக் போல்ட்டுக்கு அங்கே 1892ல் காப்புரிமை வாங்கப்பட்டது.

அதன் வழிவந்ததுதான் இன்றைய பேனிக் பார். கதவின் குறுக்கே ஒரு தண்டு. உடம்பு பட்டு அழுத்தினாலே தாழ் விலகும். வெளியாள் நுழைந்துவிடுவான் என்று பயப்படும் தாளாளர்களுக்கும் இதைத்தான் காட்டுவேன். வெளிப்பக்கம் பூட்டியே இருக்கும், உள்ளிருந்து எப்போதும் திறக்கும். பிள்ளை தானாகத் திறந்து போய்விடுமோ என்றால், திறந்ததும் அலறும் அலாரம் வைத்த பார் வாங்கலாம். தேசியக் கட்டட விதித்தொகுப்பும் வெளியேறும் கதவு வெளிநோக்கித் திறக்க வேண்டும், உள்ளிருப்பவருக்குச் சாவி தேவைப்படக் கூடாது என்றுதான் சொல்கிறது.

எல்லா அறைக்கும் பேனிக் பார் வேண்டாம், செலவும் கட்டுப்படியாகாது. மாடிப்படி, ஹால், கட்டடத்தின் வெளிவாசல் போதும். வகுப்பறைக்கு, வெளியே சாவித்துளையும் உள்ளே லீவர் கைப்பிடியும் உள்ள, கதவின் விளிம்புக்குள் பதிக்கும் மார்ட்டிஸ் பூட்டு வாங்குங்கள். உள்ளே கைப்பிடியை இறக்கினாலே, பூட்டியிருந்தாலும் கதவு திறக்க வேண்டும். கடையில் வைத்தே சோதித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சாவி கேட்கிற பூட்டு விலை குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம். உருண்டைக் குமிழ் சின்னக் கைக்கு வழுக்கும். இரட்டைக் கதவில் ஒன்றை மேலும் கீழும் டவர் போல்ட் என்கிற நீளத் தாழ்ப்பாள் போட்டு நிரந்தரமாக அடைத்துவிடுகிறார்கள். வாசல் பாதியாகிவிடுகிறது. சண்டர்லேண்டிலும் வாசலைச் சுருக்கியது ஒரு போல்ட்தான். கைரேகை வைத்துத் திறக்கும் காந்தப் பூட்டு என்றால், கரண்ட் போனதும், தீ அலாரம் அடித்ததும் தானே விட்டுவிடும்படி இணைத்திருக்கிறார்களா என்று மெயினை அணைத்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

அந்தப் பள்ளியில் கிரில் கேட்டை எடுத்துவிட்டுப் பேனிக் பார் கதவு வைத்தோம். வழக்கம்போல ஒரு மீட்டர் உயரத்தில் தண்டைக் குறித்துவிட்டு, யூகேஜி பாப்பா ஒருத்தியை நிற்க வைத்துப் பார்த்தேன். தண்டு அவள் மூக்குக்கு நேராக வந்தது. குறியை அழித்துவிட்டுப் பத்து சென்டிமீட்டர் இறக்கிப் பொருத்தினோம். இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தள்ளினாள், திறந்துகொண்டது.