டாக்டர் சீட்டுல மியூசியம் பேரு!

ஒரு வாசகர் ரெண்டு கேள்வி அனுப்பியிருக்காரு. கனடால டாக்டருங்க மருந்துச் சீட்டுல "மியூசியம் போயிட்டு வாங்க"ன்னு எழுதுறாங்களாமே, நிஜமா, இல்ல வாட்ஸ்அப் கதையா? நிஜம்னா மனச்சோர்வுக்கு எந்த ஓவியம் நல்லது?

முதல் கேள்விக்கு பதில் சுலபம், நிஜம்தான். 2018 நவம்பர்ல மான்ட்ரியல் நுண்கலை மியூசியமும் அங்க இருக்கற பிரெஞ்சு பேசுற டாக்டர்கள் சங்கமும் சேர்ந்து ஆரம்பிச்சது, சீட்டைக் காட்டினா ரெண்டு பெரியவங்க ரெண்டு பிள்ளைங்க வரைக்கும் டிக்கெட் இல்லாம உள்ள போகலாம்னு அப்ப ஏற்பாடு. மாத்திரைக்கு பதிலா இல்லைங்க, மாத்திரையோட கூட. அதுக்கு முன்னாடியே அந்த மியூசியத்துல ஆர்ட் தெரபிஸ்ட் (ஓவியத்தை வெச்சு மனசுக்கு சிகிச்சை தர்றவர்) ஒருத்தரை முழுநேர வேலைக்கே வெச்சிருந்தாங்க. கொரோனா சமயத்துல பிரஸ்ஸல்ஸும் இதே வழிக்கு வந்துச்சு.

எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா எல்லாரும் கார்ட்டிசால்ல ஆரம்பிப்பாங்க. டென்ஷன் ஆனா அட்ரீனல் சுரப்பி விடுற ஹார்மோன், எச்சில்லயே அளந்துடலாம். 2006ல லண்டன்ல 28 ஆபீஸ்காரங்களை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒரு கேலரிக்கு அனுப்பி எச்சில் எடுத்துப் பார்த்தாங்க, திரும்பி வரும்போது கார்ட்டிசால் குறைஞ்சிருந்துச்சு. ஆனா ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்ல, பார்க்ல போய் உக்காந்திருந்தாலும் குறைஞ்சிருக்கலாமே? அதனால இத இதோட விட்டுடுறேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. நாம சும்மா இருக்கும்போது மூளையும் சும்மா இருக்கும்னுதான நினைப்போம், இல்லையாம். முன்பக்கம் நடுவுலயும் பின்பக்கம் நடுவுலயும் சில பகுதிங்க அப்பதான் சுறுசுறுப்பாகும், பழைய ஞாபகம், நான் யாரு, நேத்து அவன் ஏன் அப்படிச் சொன்னான், இந்த மாதிரி நம்மள நாமே கிண்டிக்கிட்டு இருக்கற வேலையெல்லாம் அங்கதான். 2001ல மூளை ஆராய்ச்சியாளர் மார்கஸ் ரெய்கிளோட குழு இதுக்கு டிஃபால்ட் மோட்னு பேரு வெச்சாங்க. வெளிய ஒரு பொருளை உத்துப் பார்க்க ஆரம்பிச்ச உடனே இது அடங்கிடும், சீசா பலகை மாதிரி, வெளிய ஏறினா உள்ள இறங்கும்.

ஓவியம் பார்க்கறதும் வெளிய பார்க்கற வேலைதானே, அப்போ அடங்கணும் இல்லையா? 2012ல நியூயார்க் பல்கலைக்கழகத்துல 16 பேரை எம்ஆர்ஐ மெஷின்ல படுக்க வெச்சு 109 ஓவியம் காட்டி, மனச எவ்வளவு தொட்டுச்சுன்னு 1லேருந்து 4 வரைக்கும் மார்க் போடச் சொன்னாங்க. கண்ணு பார்க்கறத அலசற பகுதி மார்க் ஏற ஏற கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சு, அது எதிர்பார்த்ததுதான். ஆனா இந்த டிஃபால்ட் மோட் இருக்கே, ஒண்ணு, ரெண்டு, மூணு வரைக்கும் அடங்கியேதான் இருந்துச்சு, நாலு போட்ட படத்துக்கு மட்டும் டக்குனு மேல வந்துச்சு! அதாவது கண்ணு வெளிய இருக்கும்போதே உள்ள இருக்கற "நான்"ங்கற பகுதியும் எந்திரிச்சு வந்து படத்தைப் பார்க்குது, சீசால ரெண்டு பக்கமும் ஒண்ணா மேல.

தெரபிஸ்ட் இதத்தான் பயன்படுத்திக்கறாங்கன்னு நான் நினைக்கறேன் (இது என் ஊகம்). "உங்க பிரச்சினை என்ன"ன்னு கேட்டா வாயே திறக்காத ஆளு, "இந்தப் படத்துல இருக்கற பொண்ணு எதுக்கு ஜன்னல் பக்கம் திரும்பி இருக்கா"ன்னு கேட்டா பேச ஆரம்பிச்சிடுவாரு, பாதிவழில அவரு பேசறது அவரைப் பத்தின்னு அவருக்கே புரியும். அதுக்கு நேரம் வேணும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல எடுத்து 2001ல வெளியான ஒரு கணக்குல, பாதிப் பேர் ஒரு படத்துக்கு முன்னாடி நின்னது 17 வினாடிக்கும் உள்ளதான், அந்த நேரத்துல நம்ம ஆளு செல்ஃபிகூட சரியா எடுக்க முடியாது.

இப்போ ரெண்டாவது கேள்வி. அந்த 16 பேர்ல ஒருத்தர் நாலு போட்ட படத்துக்கு இன்னொருத்தர் ஒண்ணு போட்டிருந்தாரு, யாருக்கு எது தொடும்னு முன்கூட்டி சொல்லவே முடியல. அதனால மனச்சோர்வுக்கு இந்தப் படம், கடனுக்கு அந்தப் படம்னு யாராவது வாஸ்து கணக்கா "பாசிட்டிவ் எனர்ஜி" பேசி ஃப்ரேம் போட்டு வித்தா வாங்காதீங்க. நூத்துக்கணக்குல படம் இருக்கற இடத்துக்கு ஆளை அனுப்பி அவங்களையே தேட விடறதுதான் வழி, சீட்டுல மியூசியம் பேரு இருக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல காரணம் அதுதான்.

ஒரே வயித்தெரிச்சல், 16 பேரு, 28 பேரு, இவ்வளவுதான் இந்த ஆராய்ச்சிங்களோட அளவு. மாத்திரை வித்தா திரும்பி வர்ற காசு மியூசியத்துல வராது, அப்புறம் யாரு பணம் போடுவாங்க?